கோப்புக்குப் பிடித்த குடை

2026 பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. தலாத்துஓயாவைத் தாண்டியுள்ள ஒரு வளைவில், காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர், வீதியின் பாதி பள்ளத்துக்குள் இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைக்குப் போகும் பஸ் ஒன்பதரைக்கு அந்த இடத்தில் வந்து நின்றது. கொண்டக்டர் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சத்தம் போட்டான். எல்லாரும் இறங்கி, மண்ணைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டுமாம்.

பிரியாந்தினி இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை அவள் போன வாரம் வேறொரு பஸ்ஸில் மறந்து விட்டிருந்தாள். நவம்பர் மாத மண்சரிவுக்குப் பிறகு அவள் மறந்த பொருட்கள் பல... குடை, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை தன் பிறந்தநாள். மறக்காமல் கையில் இருந்தது ஒரு பச்சைக் காகிதக் கோப்பு மட்டும்தான்.

சிறுவர்களுக்கு நிவாரணம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கண்டிக் கிளையில் அவளுக்கு வேலை. நியமனக் கடிதத்தில் 'அரச பங்காளித்துவமும் நிதி திரட்டலும்' என்று எழுதியிருந்தது. வெளிநாட்டு அரசாங்கங்களிடம் நிதி கேட்பதும், அதைச் செலவழிக்க உள்நாட்டு அரசாங்கத்திடம் அனுமதி கேட்பதும் அந்த வேலை. இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அவளுடைய குரல் தேய்ந்து போயிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தால்கூட, "தயவுசெய்து ஒருக்கா பரிசீலியுங்கோ" என்று சொல்லிவிடுவேனோ என்று அவளுக்கே பயம்.

கோப்பைச் சால்வைக்குள் செருகிக்கொண்டு இரண்டடி வைத்தாள். சட்டென்று கோப்பின் மேல் மழை நின்றது. தலையில் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

திரும்பினாள்.

ஒரு கறுப்புக் குடை. அதைப் பிடித்திருந்தவன் அவளைவிட ஒரு முழம் உயரம். குடையைத் தன் தலைக்கும் பிடிக்கவில்லை, அவள் தலைக்கும் பிடிக்கவில்லை. சரியாகக் கோப்புக்கு மேலே, சரித்துப் பிடித்திருந்தான்.

"ஃபைல் நனையுதுங்க மிஸ்."

"நானுந்தான் நனையிறன்."

"நீங்க காஞ்சிருவீங்க. ஃபைல் காயாது. சீல் மையெல்லாம் கரைஞ்சு போயிரும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்தாள்... ஞாபகம் வரவில்லை.

"ஃபைலைப் பற்றி நல்லாத் தெரியும் போல."

"கவர்மென்ட் வேலைங்க. பதினோரு வருசமா அது ஒண்ணுதான் தெரியும்."

அவனுடைய கண்களை அப்போதுதான் பார்த்தாள். அவசரமில்லாத கண்கள். ஓரங்களில் மட்டும் தூக்கமில்லாத சிவப்பு. காலையில் கண்ணாடியில் பார்த்த தன் கண்களும் அதே நிறத்தில்தான் இருந்தன. இந்த மலையில் மூன்று மாதமாக யார்தான் தூங்கியிருக்கிறார்கள்...

சரிந்த இடத்தில் இரண்டு பலகைகள் போட்டிருந்தார்கள். அவன் முன்னால் ஏறி, கோப்பை வாங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். கையை நீட்டவில்லை. குடையை மடித்து, வளைந்த பிடியை அவள் பக்கம் நீட்டினான்.

"பிடிச்சுக்கங்க. கீழ பாக்காதீங்க."

"கீழ என்ன இருக்குது?"

"அதாங்க, பாக்காதீங்கன்னு சொன்னேன்."

அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஒரே ஓர் இருக்கை இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாழ்ப்பாணமுங்களா?"

"எப்பிடித் தெரியும்?"

"வாயத் தொறந்தாலே தெரியுதே."

"நீங்கள் தேயிலைத் தோட்டமோ?"

"கீழ்க்கணக்கு. இப்ப ரூம் கண்டி மஹய்யாவயில. எங்க லயம் இப்ப இல்லீங்க."

தோட்டத்தின் கீழ்ப்பிரிவைக் கீழ்க்கணக்கு என்றும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்றும் அங்கே சொல்வார்கள். அவளுடைய கோப்பும் அந்தக் கீழ்க்கணக்கைப் பற்றியதுதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நின்றது. அவன் கோப்பைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு துளி ஈரமில்லை.

"ஒரு ஆளப் பாத்துட்டுத்தான் ஆபிசு. வரேங்க."

பெயரைக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தபோது தேயிலைக்கிடையில் குடை மட்டும் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது...

பிரதேச செயலகத்தில் அவளைக் காத்திருக்கச் சொன்னார்கள். விடயத்துக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் வெளிக்கள வேலைக்குப் போயிருக்கிறாராம். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, மனத்துக்குள் கணக்குப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு வெளிநாட்டுச் சிறுவர் நிதியத்தின் விண்ணப்பம் முடிகிறது. மண்ணில் புதைந்த பிள்ளை மடுவத்தை, தோட்டத்துக் குழந்தைகளின் பகல் காப்பகத்தை, திரும்பக் கட்டவும், பழைய தேயிலை ஸ்டோரில் தங்கியிருக்கும் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கவும் அதை விட்டால் வேறு வழியில்லை. மார்ச் மாதத்தோடு கையிலிருக்கும் அரிசி முடிகிறது. செயலகத்தின் உடன்பாட்டுக் கடிதம் இல்லாமல் நிதியம் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்காது.

இரண்டு மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். முதலில் அவள் கண்டது மூலையில் சாத்தப்பட்ட கறுப்புக் குடையை.

"அட... நீங்களா?" என்றான் அவன். மேசையில் 'அ. புஸ்பராஜ்' என்று பெயர்ப்பலகை இருந்தது. "இந்த ஃபைலுக்குத்தான் நான் குடை பிடிச்சேனா? தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பிடிச்சிருப்பேனே."

அவளுக்கு முகம் சூடானது. அவன் சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினான். வரைபடம் சரி. காணி உறுதிப்படுத்தல் சரி. பன்னிரண்டாம் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

அந்தப் பக்கத்தில் ஒரு படம். எட்டு வயதுப் பெண்பிள்ளை, இடிந்த லயத்துக்கு முன்னால், சிவப்புச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறாள். கீழே பிரியாந்தினி எழுதிய வரி: 'எல்லாவற்றையும் இழந்தவள்.'

"மிஸ், இந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. எடுத்துட்டுக் கொண்டாங்க, நானே மேல அனுப்புறேன்."

"ஏன்? அதில என்ன பிழை?"

"பிள்ளையோட மொகம் தெரியுது."

"சம்மதம் எடுத்திருக்கிறம். பின்னிணைப்பு ஆறைப் பாருங்கோ. தாயின்ர கையெழுத்து இருக்குது."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "கையெழுத்து இருக்குங்க. சம்மதம் இருக்கான்னுதான் தெரியல."

"விளங்கேல்ல."

"எனக்கு வெளங்குது."

அவளுக்குள் மூன்று மாதக் களைப்பு ஒரே நொடியில் கோபமாகத் திரும்பியது. "இந்தப் படத்தைப் பாத்துத்தான் நிதியக்காரர் எங்களைக் கூப்பிட்டுக் கதைச்சவை, தெரியுமே? இதை எடுத்தா விண்ணப்பத்தில ஒண்டும் இல்லை. வெறும் அட்டவணை. நாப்பத்தொரு பிள்ளையளின்ர சாப்பாடு... உங்களுக்கு ஒரு படந்தான் பெரிசாப் போச்சுது!"

அடுத்த மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவன் கோப்பை மெதுவாக மூடி, கயிற்றைக் கட்டி, அவள் பக்கம் தள்ளினான்.

"ஒருக்கா கீழ்க்கணக்குக்குப் போயிட்டு வாங்க மிஸ். போயிப் பாத்த பெறகும் இதே படந்தான் வேணும்னா, நான் மறிக்கமாட்டேன்."

"நான் அங்க போகேல்லையெண்டு நினைக்கிறியளோ?"

"ரெண்டு தடவ வந்தீங்க. ரெண்டு தடவையும் வேன்ல. கால் மணி நேரம்."

அவள் எழுந்தாள். வெளியே மழை வலுத்திருந்தது.

"குடைய எடுத்துக்கிட்டுப் போங்க..."

"வேண்டாம்!"

கண்டி வரைக்கும் நனைந்த சால்வையோடு போனாள். கோப்பின் ஓரம் ஊறி, சீல் மை கரைந்திருந்தது. அவன் சொன்னது போலவே... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அஸீமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பக்கத்து மேசை அஸீமா அமைச்சுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் மனப்பாடமாகக் கடிதம் எழுதக்கூடியவள். கதை கேட்பதில் அதைவிடக் கெட்டிக்காரி.

"அது சரி... ஆள் எப்பிடி ஈக்கிறாரு?"

"அஸீமா, நான் ஃபைலைப் பற்றிச் சொல்லுறன்."

"நானும் ஃபைலப் பத்தித்தான் கேக்கிறன். நீ குடையப் பத்தி மூணு தரம் சொல்லிட்டாய். படத்தப் பத்தி ஒருதரந்தான் சொன்னாய்."

"திமிர் பிடிச்ச ஆள்."

"பிறை தெரிஞ்சா நாளைக்குத் தலைநோன்பு. பொய் சொல்லி என்னயும் பாவத்துல மாட்டாத."

கொழும்பிலிருந்து பணிப்பாளர் அழைத்தார். மேலதிகாரி ஒருவரிடம் பேசி, அந்த உத்தியோகத்தரைத் தாண்டிப் போகலாம் என்றார். அவள் 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"வியாழன் பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ, சேர்" என்று அவளுடைய வாய் சொன்னது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு, கணினியில் அந்தப் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். பிள்ளையின் கண்கள் கமராவைப் பார்க்கவில்லை. படத்தின் இடதுபக்கத்து மூலையை, கீழே, பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மூலையையும் பெரிதாக்கினாள். ஒரு கல். கல்லின் மேல், ஒன்றோடொன்று சேர்த்து வைத்த ஒரு சோடி நீலச் செருப்பு.

அவளுக்கு நினைவு வந்தது. படம் எடுத்த அன்று காலைதான் அந்தச் செருப்பை அவளுடைய நிறுவனம் கொடுத்திருந்தது. எல்லாவற்றையும் இழந்த பிள்ளைக்குப் புதுச் செருப்பு பொருந்தவில்லை. "ஒருக்கா கழட்டி வைக்கிறீங்களோ, செல்லம்?" என்று கேட்டது வேறு யாருமில்லை. அவளேதான்.

வியாழக்கிழமை வேன் கேட்கவில்லை. பஸ்ஸில் போய், பலகையில் தனியாக நடந்து, தோட்டத்து முச்சந்தியில் இறங்கி, மலையில் ஏறினாள். ஒரு மணிநேர ஏற்றம். பழைய ஸ்டோருக்குள் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டு, குடும்பம் குடும்பமாக மறைத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர் டினுஷிகா. பாடசாலை நேரத்தில் மூலையில் பாயில் இருந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாய் ராஜலெட்சுமி பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, கூடையோடு அப்போதுதான் வந்தாள்.

"ஸ்கூலுக்குப் போறதில்லீங்க மிஸ். மூணு வாரமாச்சு. கடைத்தெருவுல பெரிய பேனர் கட்டுனீங்கள்ல, இவ படத்தப் போட்டு... அதுலேர்ந்து கிளாசுல 'வெறுங்காலு, வெறுங்காலு'ன்னு கூப்புடுறாங்களாம்."

பிரியாந்தினி கோப்பைத் திறந்து, பின்னிணைப்பு ஆறை எடுத்தாள். இருபத்துமூன்று கையெழுத்துகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று.

"அக்கா, இது என்ன தாள் எண்டு தெரியுமே உங்களுக்கு?"

ராஜலெட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "சாமான் குடுத்த அன்னைக்கு ஒப்பம் வாங்குனதுங்களே? அரிசி லிஸ்ட்டு."

அப்படித்தான் நடந்திருந்தது. உலர் உணவுப் பட்டியலையும் படத்துக்கான சம்மதத் தாளையும் ஒரே மட்டையில் செருகி அனுப்பியவள் பிரியாந்தினிதான். நேரத்தை மிச்சம் பிடிக்க. நவம்பருக்குப் பிறகு அந்த ஸ்டோருக்குத் தினமும் ஒரு தாள் வந்தது. பாய்க்கு ஒன்று, பால்மாவுக்கு ஒன்று, கணக்கெடுப்புக்கு ஒன்று. வந்த தாளிலெல்லாம் இவர்கள் வரிசையில் நின்று ஒப்பமிட்டார்கள்.

"என்னண்டு கேக்கேல்லையே, அக்கா?"

"கேட்டா லேட்டாவுங்க. பின்னுக்கு ஆளுங்க நிப்பாங்க. ஒப்பம் வைக்கலைன்னா அரிசி இல்லைன்னுருவாங்களோன்னு பயம் வேற."

அவள் அதை விளக்கிச் சொன்னாள். தாள் எதற்கானது, படம் எங்கெல்லாம் போனது, செருப்பைக் கழற்றச் சொன்னது... எல்லாம். மன்னிப்புக் கேட்டாள். ராஜலெட்சுமி கூடையை ஓரமாக வைத்தாள்.

"பரவாயில்லீங்க. நீங்கதானே புள்ளைங்களுக்குச் சோறு குடுத்தீங்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டினுஷிகா எழுந்து வந்தாள். காலில் நீலச் செருப்பு. பிரியாந்தினியின் பையைப் பார்த்தாள். கமரா இருக்கிறதா என்று பார்த்தாளோ...

"இப்பயும் செருப்பக் கழட்டணுமா, மிஸ்?"

பிரியாந்தினி பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "வேண்டாம், குஞ்சு. ஒருக்காலும் கழட்ட வேண்டாம். ஆர் கேட்டாலும்."

"எங்க தம்பிதாங்க வாரத்துக்கு ரெண்டு தடவ, ஆபிசு போற வழியில வந்து, இவள ஸ்கூலுக்குக் கூப்புட்டுப் பாக்குறான்" என்றாள் ராஜலெட்சுமி. "செவ்வாக்கெழமகூட மழையோட மழையா வந்தான். மாமன் கூப்டும் போகலையே."

"உங்கட தம்பி?"

"புஸ்பராஜ். பிரதேச செயலகத்துல இருக்கான்."

இறங்கும் வழியெல்லாம் அவள் ஒன்றையும் நினைக்கவில்லை. நினைக்கவும் தெம்பில்லை. முச்சந்திக்கு வந்துதான் பணிப்பாளருக்கு அழைத்தாள். படத்தை எடுக்கிறேன், பேனரை இறக்குகிறேன், சம்மதம் செல்லாது என்று நிதியத்துக்கு நானே எழுதுகிறேன் என்றாள்.

"நிதி கைவிட்டுப் போனா நீங்கதான் பொறுப்பு, பிரியாந்தினி."

"ஓம் சேர். தெரியும்."

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கோப்பைப் புஸ்பராஜின் மேசையில் வைத்தாள். அவன் கயிற்றை அவிழ்த்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் படம் இல்லை. மண்ணில் புதைந்த பிள்ளை மடுவத்தின் அளவும், பிள்ளைகளின் எண்ணிக்கையும், ஒரு நாள் சாப்பாட்டு விபரமும் இருந்தன. பின்னிணைப்பு ஆறில் ஒரே ஒரு பந்தி: பெற்றோரின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை, பிழை எங்களுடையது, படம் மீளப் பெறப்படுகிறது. கீழே அவளுடைய கையெழுத்து.

அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"இத நீங்க எழுதியிருக்கத் தேவையில்ல, மிஸ். படத்த எடுத்தாலே போதும்."

"எனக்குத் தேவையாய் இருந்தது."

அவன் எழுந்து, தானே கோப்பை மாடிக்குக் கொண்டு போனான். பிரதேச செயலாளர் கூட்டத்திலிருந்து வர மூன்று மணியாகிவிட்டது. மூன்று பத்துக்குக் கடிதம் கையெழுத்தானது. மூன்று நாற்பதுக்கு அது நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்கட அக்காவின்ர பிள்ளை எண்டு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா, சொந்தக்காரன் பேசுறான்னு போயிருப்பீங்க."

"போயிருப்பன்" என்று ஒத்துக்கொண்டாள்.

"அதோட... வேற யார் புள்ளையா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்." குடையை எடுத்துக்கொண்டே, "வேன் கத மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. அது கொழுப்பு" என்றான்.

"அது உண்மை. கொழுப்பும்தான்."

இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வளைவில் இறங்கியபோது மழை தொடங்கியிருந்தது. குடை விரிந்தது. இந்தமுறை அவளுடைய தலைக்கு மேலே.

"சாப்டீங்களா?" என்று கேட்டான்.

அவள் நின்றுவிட்டாள். மூன்று மாதமாக அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஃபைல் எங்கே, கடிதம் எங்கே, அறிக்கை எங்கே என்றுதான் கேட்டிருந்தார்கள். தன்னையறியாமல் கண் கலங்கியது. மழையில் தெரியாது என்று நினைத்தாள்... குடைக்குள் மழை இல்லை என்பதை மறந்துவிட்டாள்.

"இல்லை."

அவன் பையிலிருந்து தாளில் சுற்றிய பணிஸ் ஒன்றை எடுத்து, பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியைக் கொடுத்தான்.

"அன்னைக்குக் குடைய ஃபைல் மேல பிடிச்சேன்ல..." என்றான், பலகையைப் பார்த்துக்கொண்டே. "உங்க மேல பிடிச்சா தப்பா நெனப்பீங்கன்னுதாங்க."

"தப்பாத்தான் நினைச்சனான். ஃபைலில இவ்வளவு அக்கறையோ எண்டு."

"இப்ப?"

"இப்பதான் கையில ஃபைல் இல்லையே."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கீழே சேற்றுத் தண்ணீர் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"புஸ்பராஜ்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது. களைப்பில சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ."

"நானும் களைச்சுத்தான் போயிருக்கேன்." அவனுடைய குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கும் புடிச்சிருக்கு. பலகையில காலு வச்ச அன்னைக்கே. களைப்பு போன பெறகும் இதத்தான் சொல்லுவேன்."

இந்தமுறை குடையின் பிடியை நீட்டவில்லை. கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். பலகையின் நடுவில் வந்தபோது கீழே பார்த்தாள்.

அவள் கேட்ட ஒரு வருடத்துக்குப் பதிலாக நிதியம் ஆறு மாதத்துக்கு உதவி வழங்கியது. பேனர் இறக்கப்பட்டது. டினுஷிகா மார்ச் 9ஆம் திகதி பாடசாலைக்குப் போனாள். வீதி ஏப்ரல் 8ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, கண்டியில் அவர்கள் இருவரின் விவாகப் பதிவு நடந்தது. முதல் சாட்சி அஸீமா. இரண்டாவது சாட்சி ராஜலெட்சுமி. பதிவாளர் அவசரப்பட்டபோதும், ராஜலெட்சுமி தாளை முழுவதும் வாசித்த பிறகே கையெழுத்திட்டாள்.